ராசாங்கம் செய்யாத விமானம்

பெரம்பலூர்
27.1.2025

திரு. ராசாங்கம் அவர்களுக்கு,

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் உங்கள் நம்பரை நிறுத்தி வைத்திருக்கிறேன். அரியலூர் வீட்டுக்கு இப்போதைக்கு வரமாட்டேன். நான் பல்செட் செய்யும் லேப்புக்குப் பின்தெருவில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே இருக்கிறேன்.

நேரில் வராதீர்கள். வந்தால் பேசுவீர்கள். பேசினால் நடுவில் எதையாவது சொல்லிப் பக்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்க வைப்பீர்கள். அவர்கள் சிரித்ததும் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் பொம்பளை ஆகிவிடுவேன். தாளில் அந்த வேலை நடக்காது. அதனால் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்பிலிருந்து வந்து பார்த்தபோது கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. என் விமானம் எங்கே என்று கேட்டேன். "அய்யா வூட்டு கிரகப்பிரவேசத்துக்குக் குடுத்துட்டேன், அவருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள். சட்டையைக் கழற்றிக்கொண்டே. அதைத்தான் நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அது கடையில் வாங்கிய பொம்மை இல்லை. 1909-இல் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் கடலைத் தாண்டிப் பறந்த ப்ளேரியோவின் விமானம். அதன் சின்ன மாதிரியைப் பாகம் பாகமாக ஒட்டிச் செய்ய அறுபதுகளில் வந்த பிளாஸ்டிக் பெட்டி. கோயம்புத்தூரில் ஒருவர் பழைய சரக்கை விற்றபோது மூன்று பெட்டிகளை என் சம்பளத்தில் வாங்கினேன். இந்த ஒன்றைச் செய்து முடிக்கப் பதினொரு மாதம் ஆனது. பிப்ரவரி 22-ஆம் தேதி திருச்சியில் மாதிரி விமானக் கண்காட்சி. என் பெயரைக் கொடுத்து, போட்டோவும் அனுப்பிவிட்டேன். மேஜையும் ஒதுக்கிவிட்டார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் "ம்" என்றீர்கள்.

20-ஆம் தேதிக்குள் அது எனக்குத் திரும்ப வர வேண்டும்.

மலர்க்கொடி


அரியலூர்
30.1.25

மலருக்கு,

லெட்டர் கெடச்சுது. 'திரு', 'அவர்களுக்கு'ன்னு போட்டிருந்ததப் பாத்து கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ்னு நெனச்சுட்டேன். கோவிச்சுக்காத, சிரிக்க வைக்கறதுக்குச் சொல்லல. நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்.

நான் செஞ்சது தப்பு. உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும். ஆனா என் நெலமையும் நீ பாக்கணும்ல. அய்யம்பெருமாள் அய்யா சாதாரண ஆளா. பதினெட்டு லாரி ஓடுது. சுண்ணாம்புக்கல் ஏத்துற இந்தத் தொழில்ல இந்தப் பக்கம் அவரத் தாண்டி யாரும் இல்ல. நான் அவர்கிட்ட பன்னெண்டு வருஷமா சூப்பர்வைசர். எங்கப்பா அடுத்தவங்க வயல்ல கூலிக்கு நின்னவரு. நான் அந்த வூட்டு ஹால்ல சோபாவுல உக்காந்தேன்னா அது சும்மா வந்ததில்ல. எல்லாரும் வெள்ளி வெளக்கும் டிவியுமா தூக்கிட்டு வந்தாங்க. நம்ம வூட்ல யாரும் பாக்காத பொருள்னா அது ஒண்ணுதான் இருந்துச்சு. எடுத்துட்டுப் போனேன்.

போனது வீணாப் போகல மலரு. செந்துறை ரோட்ல புதுசா லாரி யார்டு போடுறாங்க. அதுக்கு என்னைய மேனேஜரா போடலாம்னு அய்யா வாயாலயே சொல்லிட்டாரு. ஒரு பிளாஸ்டிக் பிளேனு நமக்கு இவ்வளவு செஞ்சிருக்கு.

குடுத்தத எப்படித் திரும்பக் கேக்கறது? யோசிச்சுப் பாரு. உன்கிட்ட இன்னும் ரெண்டு பொட்டி பிரிக்காம இருக்குல்ல. இப்பலேருந்து உக்காந்தா 22-க்குள்ள ஒண்ணு முடிச்சிறலாம். நான் கூடமாட ஒத்தாசை பண்றேன். இன்னொண்ணும் இருக்கட்டும். அய்யாவோட சம்பந்தி பாத்துட்டு "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுப்பா ராசாங்கம்"னு கேட்டிருக்காரு. பெரிய எடம். மாட்டேன்னு சொல்ல முடியல.

வூட்டுக்கு வா. தனியா சமைச்சுத் திங்கறது நல்லா இல்ல.

ராசாங்கம்


பெரம்பலூர்
3.2.2025

ராசாங்கத்துக்கு,

'எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுப்பா ராசாங்கம்.' இந்த வரியை நான்கு தடவை படித்தேன். உங்களை ஏன் செய்து கொடுக்கச் சொன்னார்?

பதில் எழுதுவதற்கு முன்னால் சில கேள்விகள். அந்தப் பெட்டியைப் பிரித்தபோது எத்தனை பாகம் உடைந்திருந்தது? எந்தச் சக்கரம் காணாமல் போயிருந்தது? இடதா, வலதா? அதை எதில் செய்தேன்? வாலை உடம்போடு எந்த மாதத்தில் ஒட்டினேன்?

தெரியாது. நானே சொல்கிறேன். அறுபது வருஷத்துப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போதே ஏழு பாகம் ஒடிந்தது. ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்து ஒட்டினேன். இடது சக்கரம் பெட்டியிலேயே இல்லை. பல்செட்டுக்கு நாங்கள் பயன்படுத்தும் அக்ரிலிக்கில் அச்செடுத்து வார்த்தேன். ஐந்தாவது தடவைதான் வட்டமாக வந்தது. ஆரக்கால்களுக்குப் பல்லுக்குக் கட்டும் கம்பியை எடுத்தேன். அந்த விமானத்துக்குப் பின்பாதி உடம்பு மூடியே இருக்காது. வெறும் மரச்சட்டம். சட்டத்தை இழுத்துப் பிடிக்கக் குறுக்கும் நெடுக்கும் கம்பி. மொத்தம் அறுபத்து நான்கு. பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தால் தலைமுடி கனத்துக்கு நூல் வரும். அப்படி இழுத்துத்தான் அறுபத்து நான்கையும் கட்டினேன். ஒன்றை அதிகமாக இழுத்துக் கட்டினால் எதிர்ப்பக்கம் இருப்பது தொய்ந்துவிடும். ஜூலையில் இருபதை அறுத்துவிட்டு மறுபடி கட்டினேன்.

பதினெட்டு நாளில் இன்னொன்றாம். கூடமாட ஒத்தாசையாம். எஞ்சினை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியுமா உங்களுக்கு?

அந்த வீட்டில் அதைக் கொடுக்கும்போது என்ன சொன்னீர்கள்? உள்ளதை எழுதுங்கள்.

மலர்க்கொடி


அரியலூர்
7.2.25

மலரு,

சரி. சொல்லிட்டேன். நான் செஞ்சதுன்னு சொல்லிட்டேன்.

திட்டம் போட்டுச் சொல்லல. மேல மூடியிருந்த துணிய எடுத்ததும் அய்யா குனிஞ்சு பாத்தாரு. "எங்கய்யா வாங்கின"ன்னாரு. "வாங்கலிங்க, கையால செஞ்சது"ன்னேன். "நீயா?"ன்னு நிமிந்து என்னையப் பாத்தாரு. பன்னெண்டு வருஷத்துல அந்தாளு என்னைய அப்படிப் பாத்ததில்ல. ஆமாங்கன்னுட்டேன். அந்த ஒரு வார்த்தைதான். அப்பறம் அதத் திருப்ப முடியல.

இப்ப நான் கேக்கறேன். நீ மட்டும்தான் கேப்பியா? அந்தப் பதினொரு மாசம் நான் எங்க இருந்தேன்னு தெரியுமா? சாப்பாட்டு மேசைல கத்தரியும் இடுக்கியும். நான் அடுப்படில நின்னு சாப்ட்டேன். நூல் ஆடுதுன்னு ஃபேன் போடக்கூடாது. கதவ மெதுவா சாத்தணும். பெயின்ட் வாசனை போகணும்னு ஜன்னலத் தொறக்கணும், தூசி வரும்னு மூடணும். என் வூட்ல நான் விருந்தாளி மாதிரி இருந்தேன். விருந்தாளியா இருந்தாலாவது மூஞ்சியப் பாத்துப் பேசுவாங்க.

அக்டோபர் மாசம் நம்ம லாரி பேரளிகிட்ட கவுந்துச்சு. ஞாபகம் இருக்கா? டிரைவர் சாமிக்கண்ணுவ நான்தான் இழுத்து வெளிய போட்டேன். திருச்சி கொண்டு போறதுக்குள்ள அவன் என் மடியில கெடந்து "அண்ணே, கால் இருக்காண்ணே"ன்னு கேட்டுட்டே வந்தான். இல்லைன்னு எனக்குத் தெரியும். இருக்குடான்னேன். மறுநாள் மத்தியானம் வூட்டுக்கு வந்து கதவுகிட்ட நின்னேன். சட்டை பூரா அவன் ரத்தம். நீ முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்த. "ஒரு நிமிஷம், அப்படியே நில்லுங்க, காத்து வருது, ஒட்டிட்டிருக்கேன்"ன்ன. நின்னேன். நீ திரும்பல. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அப்பறம் கொல்லைக்குப் போயி நானே சட்டைய அலசிப் போட்டேன்.

அறுவத்து நாலு கம்பி எண்ணத் தெரிஞ்சவளுக்கு அது தெரியல.

ராசாங்கம்


பெரம்பலூர்
11.2.2025

அக்டோபர் பற்றி எழுதியிருப்பது உண்மை. லாரி கவிழ்ந்தது தெரியும். சாமிக்கண்ணு உங்கள் மடியில் கிடந்ததும், சட்டையில் ரத்தம் இருந்ததும் எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் தப்பு. வேறெதையும் சொல்லி அதைக் குறைக்கப் போவதில்லை.

இப்போது மற்றது.

'அந்த ஒரு வார்த்தைதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று மத்தியானம் எங்கள் லேப்பில் வேலை பார்க்கும் வெற்றிச்செல்வி போனைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளுடைய சித்தப்பா அந்தக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருக்கிறார். வீடியோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டிருக்கிறார். "அக்கா, இது உங்க வீட்டுக்காரர்தானே, நீங்க செஞ்ச பிளேன்தானே?" என்றாள். பார்த்தேன்.

உங்க கையில மைக் இருந்துச்சு. இனிமே எனக்கு நல்ல தமிழ் வராது, இப்படியே எழுதறேன். மைக்கப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னீங்க? "எங்க வூட்ல கொழந்த இல்லிங்க. மூணு தடவ தங்கல. அந்தக் கவலைய மறக்கறதுக்கு நானே உக்காந்து ஒரு வருஷமா செஞ்சேன்." எல்லாரும் உச்சுக் கொட்டினாங்க. அய்யம்பெருமாள் உங்க தோள்ல கைய வச்சாரு. உங்க கண்ணுல தண்ணி கூட வந்துச்சு.

மூணு தடவையும் யாருக்குத் தங்கல? படுத்துக் கெடந்தது யாரு? அது என் வயிறு. அத எடுத்துட்டுப் போயி மைக்ல வச்சு ஒரு யார்டு மேனேஜர் வேலை வாங்கிட்டீங்க.

இன்னொண்ணு சொல்றேன், அதுதான் தாங்க முடியல. இந்த ஒம்போது வருஷத்துல அந்த மூணைப் பத்தி என்கிட்ட ஒரு தடவை கூட நீங்க பேசினதில்ல. நான் ஆரம்பிச்சா வெளியில போயிடுவீங்க. டிவி போடுவீங்க. டீத்தூள் வாங்கப் போவீங்க. உங்களுக்குப் பேச வராதுன்னு நெனச்சேன். ஆம்பளைங்க அப்படித்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உங்களுக்கு நல்லா வருது. எறநூறு பேர் முன்னாடி வருது.

வெற்றிச்செல்வி பக்கத்துலயே நின்னா. நான் அழல. போனைக் குடுத்துட்டுப் போயி ஒரு பல்செட்டுக்கு மெழுகு வச்சு முடிச்சேன்.

ஞாயித்துக்கெழம நான் அந்த வீட்டுக்கு நேராப் போறேன்.

மலர்க்கொடி


அரியலூர்
13.2.25

மலரு,

தயவு பண்ணி வராத. உன் கால்ல வேணாலும் விழறேன். நான் பேசினது தப்புதான், எவ்வளவு பெரிய தப்புன்னு நீ எழுதினதப் படிச்சப்பறம்தான் தெரியுது. அதப் பத்தி நான் என்ன எழுதினாலும் அசிங்கமா இருக்கும்.

ஆனா அங்க வராத. நான் பொய் சொன்னவன்னு தெரிஞ்சா அந்தாளு என்னைய லாரி கழுவக்கூட வச்சுக்க மாட்டாரு. பன்னெண்டு வருஷம். நானே பேசி வாங்கித் தரேன். ஒரு வாரம் டயம் குடு.

அதுல வேற ஒரு செய்தி. சொல்லாம இருந்தா அதுக்கும் திட்டுவ. அய்யா வூட்ல தூசி துடைக்கறப்ப வால் பக்கம் ஒடஞ்சுருச்சு. அய்யா கூப்ட்டுச் சரி பண்ணச் சொன்னாரு. கடையில ஒரு சின்ன ட்யூப் பசை வாங்கிட்டுப் போயி ஒட்டினேன். ஒட்டிக்கிச்சு. ஆனா சுத்தி வெள்ளையா பூத்த மாதிரி ஆயிருச்சு. கம்பி நாலு அறுந்து தொங்குது.

வராத.

ராசாங்கம்


அரியலூர்
17.2.25

மலர்க்கொடிக்கு,

சந்தோஷமா இருக்கியா?

நீ வந்து கத்தியிருந்தா நான் தாங்கியிருப்பேன். என்னையப் பொய்யன்னு சொல்லியிருந்தா கூட தலையக் குனிஞ்சிருப்பேன். நீ அப்படிச் செய்யல. "உன் சம்சாரம் வந்திருக்குய்யா"ன்னு அய்யா போன் பண்ணினப்ப நான் லுங்கியோட ஓடி வரேன். நீ சோபாவுல உக்காந்து அய்யா பொண்டாட்டி ராசாத்தியம்மா குடுத்த காபியக் குடிச்சிட்டிருக்க. அவங்க கூட ஒறவுக்காரி மாதிரி சிரிச்சுப் பேசிட்டிருக்க. என்னையப் பாத்ததும் எழுந்திரிச்ச. உன் ஆயுதப் பொட்டியத் தொறந்து கண்ணாடி மேசைல ஒவ்வொண்ணா எடுத்து வச்ச. இடுக்கிய என் கையில குடுத்த.

"வால்கிட்ட நாலு கம்பி அறுந்திருக்குங்க. நீங்களே கட்டிருங்க. நீங்க செஞ்சதுதானே." எவ்வளவு மரியாதையா சொன்ன.

சம்பந்தி நாற்காலிய இழுத்துப் போட்டுட்டு எதுத்தாப்புல உக்காந்தாரு. வேடிக்கை பாக்க. நூல் எந்த மூலைல ஆரம்பிச்சு எங்க போவுதுன்னு தெரியல. குனிஞ்சு கிட்டப் பாத்தப்பதான் மலரு, அந்தச் சட்டத்துக்குள்ள அவ்வளவு கம்பி இருக்கறதையே மொத தடவ பாத்தேன். ஒரு வருஷம் என் வூட்ல இருந்துச்சு. இடுக்கி பட்டு அஞ்சாவது கம்பியும் போச்சு.

"எனக்குத் தெரியாதுங்கய்யா. இதச் செஞ்சது இவ. நான் பொய் சொன்னேன்"னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். நீ கேட்டது கெடச்சிருச்சு. கட்டின புருஷன இப்படிப் பண்ணிட்டோமேன்னு ஒரு நிமிஷமாவது இருந்துச்சா உனக்கு?

ராசாங்கம்


பெரம்பலூர்
19.2.2025

ஆமா. உங்களை அங்க வச்சு அவமானப்படுத்தணும்னுதான் வந்தேன். பஸ்சுல பேரளி தாண்டற வரைக்கும் இடுக்கியை எப்படி நீட்டணும்னு யோசிச்சிட்டே வந்தேன். மறைக்கல.

ஆனா நீங்க எழுதினதுல ஒண்ணு விட்டுப்போயிருக்கு. நீங்க உண்மையைச் சொன்னதுக்கு அப்பறம் என்ன நடந்துச்சு?

அந்தாளு சிரிச்சாரு. "அட விடுய்யா, புருஷன் செஞ்சா என்ன, பொண்டாட்டி செஞ்சா என்ன, எல்லாம் ஒரே வூடுதானே"ன்னாரு. பொய் சொன்னதுக்கு உங்களைத் திட்டல. வேலையை விட்டுத் தூக்கல. ஏன் தெரியுமா? அவருக்கு அது ஒரு பொய்யாவே தெரியல. நான் செஞ்சதை நீங்க செஞ்சதுன்னு சொல்றது எப்படிப் பொய்யாகும்? கண்காட்சி இருக்கு, மூணு நாளைக்காவது குடுங்கன்னு கேட்டேன். "கிரகப்பிரவேசத்துக்கு வந்த பொருள் வெளிய போகக்கூடாதும்மா. உனக்கென்ன, கை சும்மாதானே இருக்கு, இன்னொண்ணு செஞ்சுக்க"ன்னாரு. மறுபடியும் சிரிச்சாரு. சம்பந்தியும் சிரிச்சாரு.

நீங்களும் சிரிச்சீங்க.

பெருசா இல்ல. வாயோரமா. தப்பிச்சுட்டோம்னு ஒரு சிரிப்பு. நான் பாத்துட்டேன். ராசாத்தியம்மா சிரிக்கல. அவங்க காபி டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

நீங்க பொய் சொன்னப்ப இருந்த கோவத்தை விட இப்ப இருக்கறது பெருசு.

திருச்சிக்குக் குடுத்த பேரைத் திரும்ப எடுக்கப் போறதில்ல. மேஜை நம்பர் பதினாலு. வெறும் போட்டோவை வச்சுக்கிட்டு காலி மேஜைல உக்காந்திருப்பேன். ஏன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லுவேன்.

இதுக்குப் பதில் வேண்டாம்.

மலர்க்கொடி


21.2.25

மலரு,

பதில் வேணாம்னு சொன்ன. இது பதில் இல்ல. பொட்டிக்குள்ள வச்ச சீட்டு.

சிரிச்சேன். நீ எழுதினதப் படிக்கற வரைக்கும் சிரிச்சது எனக்கே தெரியாது. நேத்து பூரா அந்தச் சிரிப்புதான் வாயில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

இன்னைக்குக் காலைல அய்யா வூட்டுக்குப் போனேன். அவரு பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. "அத எடுத்துட்டுப் போறங்கய்யா"ன்னேன். "குடுத்தத எடுக்கறவன் மனுசனாய்யா"ன்னாரு. "என்னுதா இருந்தாத்தாங்க நான் குடுக்க முடியும். என்னுது இல்ல. அதனால அது குடுத்ததாவே ஆவாதுங்க"ன்னேன். நாளைலேருந்து வராதன்னாரு. சரிங்கன்னுட்டு ஷோகேசத் தொறந்து எடுத்தேன். யாரும் தடுக்கல.

அடியில பஞ்சு, சுத்தி தெர்மாகோல். வால் பக்கம் கையே வைக்கல. நாளைக்குக் காலைல மொத பஸ்சுல மடியில வச்சுட்டு வருவேன். மண்டபத்து வாசல்ல யார்கிட்டயாவது குடுத்துட்டுத் திரும்பிடறேன். உள்ள வரமாட்டேன்.

ராசாங்கம்


பெரம்பலூர்
26.2.2025

ராசாங்கத்துக்கு,

பெட்டி வந்தது. வாசலில் இருந்த பெண் கொண்டுவந்து கொடுத்தாள். சனிக்கிழமை காலை முழுக்க மேஜையிலேயே உட்கார்ந்து வாலைப் பிரித்தேன். நீங்கள் பூசிய பசையைக் கீறி எடுக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. வெள்ளை முழுசாகப் போகவில்லை. ஐந்து கம்பியையும் மறுபடி கட்டினேன். சுற்றி நின்று ஆட்கள் பார்த்தார்கள். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. சேலத்திலிருந்து வந்திருந்த ஒருவர் மட்டும் இருபது நிமிஷம் குனிந்தே இருந்தார். கடைசியில் "இடது சக்கரம் இந்தப் பெட்டியில வந்தது இல்லைல்ல?" என்று கேட்டார். ஆமா, நான் வார்த்தது என்றேன். "கண்டுபிடிக்க எனக்கே இவ்வளவு நேரம் ஆச்சும்மா" என்றார். எனக்கு அது போதும்.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று விடுதியில் எல்லோரும் சொல்கிறார்கள். வேலையையே விட்டுட்டு வந்திருக்காரே என்கிறார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. இனி ஆயுசு முழுக்க அது ஒரு கதை ஆகிவிடும். பொண்டாட்டியோட பிளேனுக்காக வேலைய விட்டவன் ராசாங்கம். கல்யாண வீட்டில் சொல்வீர்கள், டீக்கடையில் சொல்வீர்கள். நன்றாகச் சொல்வீர்கள். கேட்கிறவர்கள் உங்கள் தோளில் கை வைப்பார்கள். அதிலும் நீங்கள்தான் இருப்பீர்கள், நான் இருக்கமாட்டேன்.

நீங்க என்கிட்டேருந்து எடுத்தது ரெண்டு. ஒண்ணு திரும்ப வந்துடுச்சு. அதைப் பத்தி இனிமே நமக்குள்ள பேச்சு இல்ல. சண்டையும் இல்ல.

இன்னொண்ணு அந்த மைக்ல சொன்னது. எறநூறு பேருக்குச் சொன்னதை எனக்குச் சொல்லுங்க. கதையா இல்லாம. அழகா இல்லாம. அந்த மூணு தடவையும் நீங்க எங்க இருந்தீங்க, என்ன பண்ணீங்க, என்ன நெனச்சீங்கன்னு. எழுத முடியலன்னா எழுத வேண்டாம், நான் விடுதியிலேயே இருந்துக்கறேன். மன்னிப்பு கேட்டு எழுதினா பிரிக்காம திருப்பி அனுப்பிடுவேன்.

மலர்க்கொடி


அரியலூர்
9.3.25

மலருக்கு,

பதினோரு நாளா எழுதிக் கிழிச்சுப் போட்டேன். அழகா வர்றதையெல்லாம் கிழிச்சேன்.

மொத தடவ. 2016 ஆகஸ்ட். உன்னைய உள்ள கொண்டு போயிட்டாங்க. நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னேன். பதினோரு மணி இருக்கும். நர்ஸ் வந்து "மலர்க்கொடி வூட்டுக்காரரு யாரு"ன்னாங்க. சொன்னாங்க. நான் சரிங்கன்னேன். ஏதோ பஸ் லேட்டுன்னு சொன்னா சொல்ற மாதிரி.

அப்பறம் கீழ எறங்கிப் போனேன். எதுக்க ஒரு கடை. எனக்குப் பசிச்சுது மலரு. முந்தின நாள்லேருந்து சாப்புடல. நாலு இட்லி, ஒரு வடை சாப்ட்டேன். சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு கேட்டேன். நல்லா இருந்துச்சு. நல்லா இருக்குன்னு நெனச்சேன், அதத்தான் உன்கிட்ட சொல்ல முடியல.

மேல வந்தப்ப உனக்கு மயக்கம் தெளிஞ்சிருந்துச்சு. மொத வார்த்தையா "சாப்டீங்களா"ன்னு கேட்ட. இல்லன்னேன். நீ உங்கக்காவ அனுப்பி எனக்கு இட்லி வாங்கிட்டு வரச் சொன்ன. அதே கடையில. அதையும் சாப்ட்டேன். நீ பாத்துட்டே இருந்த.

அதுக்கப்பறம் நீ எப்ப அந்தப் பேச்ச எடுத்தாலும் எனக்கு அந்த இட்லிதான் வரும். அதான் டீத்தூள் வாங்கப் போவேன். மைக்ல சொல்ல முடிஞ்சது ஏன்னா அங்க இருந்தவங்க யாரும் அன்னைக்கு என்கிட்ட சாப்டீங்களான்னு கேக்கல.

இன்னொண்ணு. அஞ்சு மாசம் ஆகியிருந்துச்சுல்ல. நீ மயக்கத்துல இருந்தப்ப நர்ஸ் என்கிட்ட ஒரு துணியப் பிரிச்சுக் காட்டினாங்க. அவங்ககிட்ட இப்ப சொல்லாதீங்கன்னாங்க. எப்ப சொல்லணும்னு சொல்லல. நீயும் கேக்கல.

பொண்ணு.

இதுக்கு மேல இன்னைக்குக் கை ஓடல.

ராசாங்கம்